பட்டுத்துணியில் ஒரு முழங்கால் வலி

சீனத்தின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவின் கிழக்குப் புறத்தில் மாவாங்துய் என்றொரு மண்மேடு உண்டு. 1972ஆம் ஆண்டு அம்மேட்டின் முதலாம் ஈமக்குழியைத் திறந்தவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியாதிருந்த ஒரு பெண்மணியின் உடலைக் கண்டார்கள். தோலின் மென்மை போகவில்லை. கைகால் மூட்டுகள் மடங்கின. சாங்ஷா சிற்றரசின் தலைமை அமைச்சராயிருந்த லி சாங் என்பவரின் மனைவி அவர். பெயர் ஸின் சுய். செய்தி உலகெங்கும் பரவியது; இன்றளவும் அவ்வுடலைக் காணப் பெருங்கூட்டம் செல்கிறது.

நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த உடல் அன்று. அடுத்த ஆண்டு, 1973இல், அதே மேட்டின் மூன்றாம் ஈமக்குழி திறக்கப்பட்டது. அது ஸின் சுய்யின் மகனுடையது. கி.மு. 168இல் அடக்கம் செய்யப்பட்ட அவ்விளைஞரோடு அரக்குப் பெட்டி ஒன்றில் அவருடைய நூலகமும் புதைக்கப்பட்டிருந்தது: தத்துவம், வானியல், மருத்துவம் எனப் பல துறைகளின் நூல்கள், பெரும்பாலும் பட்டுத்துணியில் எழுதப்பட்டவை. அவற்றோடு வண்ணம் தீட்டிய ஒரு துணியும் நைந்து துண்டு துண்டாகக் கிடைத்தது. அத்துண்டுகளை ஆய்வாளர்கள் பொறுமையாக ஒட்டவைத்தபோது, ஏறத்தாழ அரை மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம் உருப்பெற்றது.

அதில் 44 மனித உருவங்கள். வரிசைக்குப் பதினொன்றாக நான்கு வரிசைகள். ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள்; முதியோரும் இளையோரும் இருக்கிறார்கள். சிலர் நீண்ட அங்கி அணிந்திருக்க, சிலர் மேலாடையின்றி நிற்கிறார்கள். ஒருவர் கைகளை உயர்த்துகிறார், ஒருவர் முதுகை வளைக்கிறார், ஒருவர் நீண்ட கோல் ஒன்றைப் பிடித்திருக்கிறார். பல உருவங்களின் அருகே சிறு குறிப்புகள் உள்ளன. சில குறிப்புகள் கரடி, குரங்கு, கொக்கு, பருந்து என உயிரினங்களின் பெயரால் அசைவைச் சுட்டுகின்றன. வேறு சில, எந்த நோய்க்கு எந்த அசைவு என்று சொல்கின்றன. காது கேளாமையை இழுத்து நீக்குவது என்கிறது ஒன்று. முழங்கால் வலியை இழுத்து நீக்குவது என்கிறது மற்றொன்று.

உடற்பயிற்சியைப் படமாக வரைந்து காட்டும் ஆவணங்களில், நமக்குத் தெரிந்தவரை, இதைவிடப் பழமையானது உலகில் வேறெங்கும் கிடைக்கவில்லை. சீனர் இப்பயிற்சியைத் 'தாவோயின்' என்றனர். வழிநடத்துதல், இழுத்தல் என்னும் இரு வினைகள் சேர்ந்த சொல் அது. உடலில் ஓடும் 'ச்சி' எனும் உயிர்க்காற்றை வழிநடத்துவதும், உறுப்புகளை இழுத்து நீட்டுவதும் அதன் உட்பொருள்.

இன்று சீனத்தின் எந்த நகரத்துப் பூங்காவுக்கு விடியற்காலையில் சென்றாலும் முதியவர்கள் வரிசையாக நின்று மெல்லக் கையசைத்து மூச்சு வாங்கி விடுவதைக் காணலாம். 'ச்சிகுங்' என்று அதற்குப் பெயர். குங்ஃபூவில் வரும் அதே 'குங்'தான் இதிலும் வருகிறது. நெடுநாள் உழைப்பால் கைவந்த திறன் என்று பொருள் கொள்ளலாம். இது ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று பயிற்சி ஆசிரியர்கள் சொல்வார்கள். விளம்பரத் துண்டறிக்கைகளும் அதையே சொல்லும். உண்மையில் அப்பெயர் பரவலான வழக்குக்கு வந்து முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் அசைவுகளின் மூதாதையர் மாவாங்துய் பட்டில் நிற்கிறார்கள். பெயர் புதிது, அசைவு பழையது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தலைமுறையும் அந்த அசைவுக்குத் தனக்குப் பிடித்த ஆடையொன்றை உடுத்திப் பார்த்தது. அந்த ஆடைகளின் கதையே நாம் சொல்ல வருவது. நம் ஊரோடு தொடர்புடைய ஆடை ஒன்றும் அவற்றுள் உண்டு.

பட்டோவியம் அசைவின் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது. அக்குறையைப் பத்தாண்டுகளுக்குப் பின் மற்றோர் ஈமக்குழி தீர்த்துவைத்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் ஹூபெய் மாகாணத்தின் ஜாங்ஜியாஷானில் ஒரு சிறு அலுவலரின் புதைகுழி திறக்கப்பட்டது. கி.மு. 186ஐ ஒட்டிய காலத்தது அது. மாவாங்துய் குழியைவிடச் சற்றே மூத்தது. உடன் புதைக்கப்பட்டிருந்த ஆண்டுக் குறிப்பிலிருந்து, அம்மனிதர் கி.மு. 194இல் உடல்நலக் குறைவால் பணியிலிருந்து விலகியவர் என்று தெரிகிறது. நோயாளியான அவரோடு கிடைத்த மூங்கில் பட்டைகளுள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை 'யின்ஷூ' என்னும் நூலாக அமைந்தன. 'இழுத்தல் நூல்' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம்.

வாசகர்கள் இந்நூலில் மந்திரங்களை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். முழங்கால் வலிக்கு அது சொல்லும் வழியைப் பாருங்கள். வலது முழங்கால் வலித்தால் இடக்கையால் ஒரு கம்பத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். வலக்காலை ஆயிரம் முறை வீச வேண்டும். இடது முழங்கால் என்றால் கையையும் காலையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். குருவின் பெயர் இல்லை. நாள் நட்சத்திரம் இல்லை. பலன் கூறும் செய்யுளும் இல்லை. இன்றைய இயன்முறை மருத்துவர் ஒருவர் எழுதித் தரும் சீட்டைப் போலவே இருக்கிறது.

ஆயினும் நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது நூலின் இறுதிப் பகுதி. மனிதர் ஏன் நோயுறுகின்றனர் என்று அது கேட்கிறது. வெப்பம், ஈரம், காற்று, குளிர், மழை, பனி ஆகியவற்றோடு உடல் பொருந்தாமையே காரணம் என்கிறது. அதன் பிறகு மக்களை இரண்டாகப் பிரிக்கிறது. உயர்ந்தோர் நோயுறுவது, களிப்பும் சினமும் அளவில் நில்லாமையால். தாழ்ந்தோர் நோயுறுவது, உழைத்துக் களைப்பதாலும் பசியாலும் தாகத்தாலும்; வியர்வை வடிய வடியக் குளிர்ந்த நீரில் இறங்குவதாலும், குளிர்ந்த தரையில் படுத்துறங்குவதாலும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு, பிரபுவின் வயிற்றுவலியும் உழவனின் முதுகுவலியும் ஒன்றல்ல என்று தெரிந்திருக்கிறது. ஆனால் இவ்வறிவு யாருடைய குழியில் கிடைத்தது? எழுதப் படிக்கத் தெரிந்த அலுவலரின் குழியிலும், அமைச்சர் மகனின் குழியிலும். ஆயிரம் முறை காலை வீச உழவனுக்கு ஓய்வு ஏது?

படம் வைத்திருந்த குடும்பத்துக்கும் அது நீண்ட ஆயுளைத் தந்துவிடவில்லை. ஸின் சுய் ஏறத்தாழ ஐம்பது வயதில் இதயநோயால் இறந்தவர். பித்தப்பையில் கற்களும் இருந்தன. அவருடைய மகன் அவருக்கும் முன்னரே, இளமையிலேயே மாண்டார். பழமை பேசும் எவரும் இச்செய்தியையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அக்காலத்திலேயே இப்பயிற்சியைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருந்தன. ஜுவாங்ஸி நூலின் ஓர் இயல், மூச்சை ஊதியும் உள்ளிழுத்தும், கரடிபோலத் தொங்கியும் பறவைபோல நீட்டியும், நீண்ட ஆயுளை விரும்பித் திரிவோரைக் குறிப்பிடுகிறது. இவற்றையெல்லாம் செய்யாமலே நெடிது வாழ்வதுதான் மேலான வழி என்ற தொனியில் அது பேசுகிறது. உடலைப் பேணுவதே வாழ்வின் நோக்கமாகிவிடலாமா என்னும் கேள்வி, பயிற்சியோடு கூடவே பிறந்திருக்கிறது.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹுவா துவோ என்னும் மருத்துவரின் பெயரோடு இம்மரபு ஒரு புது வடிவம் பெற்றது. சென் ஷோவ் எழுதிய 'மூன்று அரசுகளின் வரலாறு' அவர் கதையைச் சொல்கிறது. உடலுக்கு உழைப்பு வேண்டும், ஆனால் அது எல்லை கடக்கக் கூடாது; உண்டது செரிக்கவும் குருதி ஓடவும் அசைவு உதவும்; ஓயாது அசையும் கதவின் சுழலச்சு உளுத்துப்போவதில்லை அல்லவா என்று அவர் தம் மாணவர் வூ பூவுக்கு எடுத்துரைத்தாராம். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கற்பித்து, உடல் சோர்ந்தால் எழுந்து ஏதேனும் ஒன்றைச் செய், மெல்ல வியர்த்ததும் நிறுத்திக்கொள் என்றாராம். வூ பூ தொண்ணூறு வயது வரை பல்லும் செவியும் பழுதின்றி வாழ்ந்தார் என்கிறது நூல். ஆசிரியரின் முடிவோ வேறு. ஆட்சியாளர் சாவோ சாவோவின் அழைப்பைத் தட்டிக்கழித்த குற்றத்துக்காக அவர் கொல்லப்பட்டார். அந்த ஐந்து விலங்குகளும் எவ்வாறு அசைந்தன என்பதை அவ்வரலாறு விவரிக்கவில்லை. இன்று 'ஹுவா துவோவின் ஐவிலங்கு ஆட்டம்' என்ற பெயரில் கற்பிக்கப்படும் வரிசைகள் எல்லாம் பிற்காலத்தவர் அமைத்தவையே.

அடுத்த சில நூற்றாண்டுகளில் தாவோயின் அரசு மருத்துவத்திலேயே இடம்பெற்றது. சுய் அரச மரபின் காலத்தில், 610ஆம் ஆண்டில், சாவோ யுவான்ஃபாங் நோய்களின் மூலங்களையும் குறிகளையும் தொகுத்துப் பெருநூல் ஒன்றைச் செய்தார். மருந்துகளைக் கூறாமல், நோய்கள் பலவற்றுக்கும் உரிய தாவோயின் பயிற்சிகளைக் கூறுவது அதன் தனித்தன்மை. தொடர்ந்து வந்த தாங் ஆட்சியில் அரண்மனை மருத்துவக் கழகத்தில் பிடித்துவிடும் கலைக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அங்கே மாணவர்கள் தாவோயினையும் முறைப்படி கற்றார்கள். அதாவது, மலைக்குகை முனிவர்களின் மறைபொருளாக மட்டும் இது இருந்ததில்லை. சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் வகுப்பறையில் நடத்திய பாடமாகவும் இருந்திருக்கிறது.

இந்தியாவின் பெயர் இவ்வரலாற்றில் வந்துசேர்வதும் இக்காலத்தில்தான். ஏழாம் நூற்றாண்டின் பெரும் மருத்துவரான சுன் ஸிமியாவோ, தம் நூலில் 'தியான்ஜு நாட்டு முறை' என ஒரு பயிற்சித் தொகுப்பைத் தருகிறார். தியான்ஜு என்பது இந்தியா. இது பிராமணர்களின் முறை என்றும் அவர் குறிக்கிறார். கைகளைப் பிசைதல், வில் வளைப்பதுபோல் இழுத்தல், உடலைத் திருப்புதல் எனப் பதினெட்டு அசைவுகள் கொண்டது அது. அவை உண்மையிலேயே இந்தியாவிலிருந்து சென்றவையா, அல்லது அயல்நாட்டுப் பெயருக்கு இருந்த மதிப்பினால் அப்பெயர் சூட்டப்பட்டதா என்பது ஆய்வுக்குரியது. ஆனால் பௌத்தத் துறவிகளும் வணிகரும் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், உடல் பேணும் முறைகளும் எல்லை கடந்திருக்கும் என்பதற்கு இது உறுதியான எழுத்துச் சான்று. நம் நாட்டில் இதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். நாம் பேசுவது வேறொருவரைப் பற்றி.

ஆம், போதிதர்மர். 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வெளிவந்தபோது, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனத்துக்குத் தற்காப்புக் கலையும் மருத்துவமும் கற்பித்த கதை தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டையும் எட்டியது. அன்று எழுந்த பெருமிதத்தில் நாமும் பங்குகொண்டவர்களே. பிறகு சான்றுகளைத் தேடிப் படித்தபோதுதான், நாம் கையில் வைத்திருந்த பத்திரத்தில் எத்தனை திருத்தங்கள் என்று தெரிந்தது.

போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட லோயாங் நகரப் பௌத்த மடங்களின் வரலாறு. அதில் அவர் மேற்குத் திசையிலிருந்து வந்த பாரசீகத் துறவி. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்பவரின் முன்னுரையில் அவர் தென்னிந்திய அரசரொருவரின் மூன்றாம் மகன். 1004ஆம் ஆண்டைச் சேர்ந்த சான் மரபு வரலாற்று நூல் அவர் தந்தையாகிய அரசரை 'ஸியாங்ஜி' என்னும் பெயரோடு இணைக்கிறது. அச்சொல் காஞ்சியையே குறிக்கிறது எனக் கொள்வோர் உண்டு. ஆகவே தென்னிந்தியத் தொடர்பு ஆதாரமற்றதன்று. ஆனால் இந்தப் பழைய நூல்கள் எவற்றிலும் அவர் தசைப்பயிற்சி கற்பித்ததாகவோ சண்டைக்கலை கற்பித்ததாகவோ ஒரு சொல்லும் கிடையாது. அவற்றில் அவர் தியானம் கற்பித்தவர், அவ்வளவே.

பயிற்சியோடு அவரை இணைப்பது 'யிஜின்ஜிங்' என்னும் நூல். தசைநாண்களை மாற்றும் நூல் என்று பொருள். போதிதர்மர் ஷாவோலின் மடத்தில் விட்டுச்சென்ற சுவடி இது என்று அதன் முன்னுரை கூறுகிறது. அம்முன்னுரையை எழுதியவர் தாங் காலப் படைத்தலைவர் லி ஜிங் என்றும், ஆண்டு 628 என்றும் போட்டிருக்கிறது. ஆனால் இந்நூல் தோன்றியது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1624ஐ ஒட்டி, ஒரு தாவோயியத் துறவியின் கையால் என்பதே ஆய்வாளர் முடிவு. பொய்யைக் காட்டிக்கொடுத்தது முன்னுரையேதான். சுவடி தமக்கு வந்த வழியைச் சொல்லுமிடத்தில் 'சுருள்தாடி வீரன்' என்பவனை லி ஜிங் பெயரிடுகிறார். அவன் வரலாற்று மனிதன் அல்லன். தாங் காலக் கதையொன்றின் பாத்திரம். நம் பக்கத்து உவமை சொல்வதானால், பழைய செப்பேடு என்று ஒருவர் கொண்டுவந்து காட்டியதில் சாட்சிக் கையெழுத்து வந்தியத்தேவனின் தோழன் ஆழ்வார்க்கடியானுடையதாக இருப்பது போன்றது அது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் லிங் திங்கான் இந்நூலை நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிட்டார்.

போலி முன்னுரை ஏன் தேவைப்பட்டது? பயிற்சி பயனற்றது என்பதால் அன்று. ஊர்பேர் தெரியாத ஒரு துறவியின் பெயரில் நூல் வந்தால் யார் படிப்பார்கள் என்னும் அச்சமே காரணமாயிருக்க வேண்டும். போதிதர்மர் அந்நூலுக்கு ஆடையாக வாய்த்தார். நாம் பின்னாளில் அந்த ஆடையைப் பிடித்துக்கொண்டு உடலே நம்முடையது என்றோம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். லியு குய்ஜென் ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த இளைஞர். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1940களின் பிற்பகுதியில் வயிற்றுப்புண், காசநோய், நரம்புத் தளர்ச்சி ஆகிய மூன்றும் அவரை வாட்டின. ஊருக்குத் திரும்பியவருக்கு, உறவினரான ஒரு முதியவர் குடும்ப வழியாக வந்த மூச்சுப் பயிற்சியைக் கற்பித்தார். நூறு நாள்களுக்குச் சற்று மேல் பயின்று, உடல் தேறிப் பணிக்குத் திரும்பினார் லியு.

கட்சியின் உள்ளூர்த் தலைவர்கள் வியந்தார்கள். மருத்துவர்களும் மருந்தும் அரிதாயிருந்த காலம் அது. செலவில்லாத சிகிச்சை ஒன்று கிடைக்குமானால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இதில் மதவாடை வீசியதே! முதியவர் சொல்லித்தந்த மந்திரத்தில் தங்க நாகத்தின் நகம் வந்தது, தியான மண்டபம் வந்தது. அதை எடுத்துவிட்டு, உட்கார்ந்து பயில்வது உடலுக்கு நல்லது என்னும் பொருள்படும் எளிய வாக்கியம் ஒன்றை வைத்தார்கள். பயிற்சிக்கும் புதுப்பெயர் தேவைப்பட்டது. 1949இல் 'ச்சிகுங் சிகிச்சை' என்ற பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அச்சொல் அதற்கு முன்னும் இங்குமங்கும் வழங்கியதுண்டு. ஆனால் தாவோயின், தியானம், மூச்சுப் பயிற்சி ஆகிய அனைத்தையும் தழுவும் பொதுப்பெயரானது அதன் பிறகுதான்.

தாங்ஷானிலும், பின்னர் 1956இல் கடலோர ஓய்வூரான பெய்தாய்ஹேயிலும் ச்சிகுங் நலவில்லங்கள் எழுந்தன. 1957இல் லியுவின் நூல் வெளிவந்தது. பெய்தாய்ஹே, கட்சித் தலைவர்கள் கோடையில் தங்கும் இடம். எனவே அங்கே சிகிச்சை பெற்றோரில் பெரும்பகுதியினர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இழுத்தல் நூல் பிரித்துக் காட்டிய உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் புரட்சிக்குப் பின்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

பண்பாட்டுப் புரட்சியின் ஆண்டுகளில் காற்று எதிர்த்திசையில் வீசியது. ச்சிகுங் நிலப்பிரபுத்துவ மூடநம்பிக்கை ஆயிற்று. அதைப் பரப்பிய லியு கட்சியிலிருந்து நீக்கப்பட்டுப் பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார். மதத்தின் ஆடையைக் களைந்து அறிவியலின் ஆடையை அவர் உடுத்தினார். இவர்கள் அதையும் உரித்துப் பழைய ஆடையையே அவர்மீது போர்த்தினார்கள். 1970களின் இறுதியில் களங்கம் துடைக்கப்பட்டுத் திரும்பிய அவர், 1983இல் மறைந்தார்.

தடை நிலவிய அந்த ஆண்டுகளில்தான், பெய்ஜிங்கின் பூங்காக்களில் ஒரு பெண் இக்கலையை எளிய மக்களுக்குத் திறந்துவிட்டார். குவோ லின் ஓர் ஓவியர். கருப்பைப் புற்றுநோய் கண்டு, பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானவர். சிறுவயதில் தாத்தாவிடம் கற்றதை நினைவுகூர்ந்து, நடந்தபடியே குறிப்பிட்ட தாளத்தில் மூச்சிழுக்கும் பயிற்சி ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். 1970களின் தொடக்கம் முதல் பூங்காவில் பிற நோயாளிகளுக்கும் அதைக் கற்பித்தார். காவல்துறையின் தொந்தரவுக்கு ஆளானபோதும் விடவில்லை. தந்தை மகனுக்கும் குரு ஒரே மாணவனுக்கும் மறைவாகச் சொல்லித்தந்ததை, வந்து நின்ற எல்லோருக்கும் வெளிப்படையாகக் கூட்டமாகக் கற்பித்தது அவர் செய்த பெரும் மாற்றம். இன்று நாம் காணும் பூங்கா வரிசைகளுக்கு அவரே முன்னோடி எனலாம். 1984இல் அவர் இறந்தார். அவருடைய பயிற்சி புற்றைக் கரைத்தது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் மருத்துவமனை கைவிரித்தவர்கள் நாள்தோறும் காலையில் எழுந்து, தம்மைப் போன்ற பிறரோடு சேர்ந்து நடந்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

அதன் பின் வந்தது பெருவெள்ளம். 1978இல் ஷாங்காயில் ஓர் அணு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி, ச்சிகுங் வல்லுநரின் கையிலிருந்து வெளிப்படும் 'புற ச்சி'யைக் கருவியால் அளந்ததாக அறிவித்தார். 1979இல் சிச்சுவானில் ஒரு சிறுவன் காதால் எழுத்துகளைப் படிக்கிறான் என்று நாளேடு எழுதியது. சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை எனப்படும் சியென் ஷுவேசென் போன்றோரே இவற்றுக்கு ஆதரவளித்தார்கள். 1987இல் யான் ஸின் என்பவர் தொலைவிலிருந்தே நீரின் மூலக்கூறுகளை மாற்றினார் என்று செய்தி வந்தது. அவர் பேச்சைக் கேட்க விளையாட்டரங்குகள் நிரம்பின. பொருளியலறிஞர் யூ குவாங்யுவான் போன்ற சிலர் மட்டும் தொடக்கம் முதலே இதெல்லாம் போலி அறிவியல் என்று எழுதிவந்தார்கள். 1988இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஐயுறவாளர் குழு தக்க கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது அற்புதங்கள் எதுவும் நிகழவில்லை.

இக்கூட்டத்தை வெறும் மூடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டுகளில்தான் சீனக் கிராமங்களின் கூட்டுறவு மருத்துவ அமைப்பு கலைந்தது. நகரங்களிலும் ஆலைகளின் இலவசச் சிகிச்சை மெல்லச் சுருங்கியது. நோய் வந்தால் பணம் கட்ட வேண்டும் என்ற நிலையில், கைவீசினால் தீரும் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பின்னால் போவோரை எப்படிப் பழிப்பது? உழைத்துக் களைத்துப் பசித்து நோயுறும் தாழ்ந்தோருக்கு முதன்முறையாக இக்கலை கிடைத்தது. கிடைத்தபோது அதில் பாதி பொய்யாக இருந்தது என்பதுதான் கொடுமை. சிலர் மருந்தை நிறுத்திவிட்டு மாண்டார்கள். சிலர் அளவு மீறிப் பயின்று மனம் பேதலித்தார்கள். 1994இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பு, ச்சிகுங் பயிற்சியால் நேரும் மனப்பிறழ்வைத் தனியே குறிப்பிடும் அளவுக்கு அது அறியப்பட்டிருந்தது.

1992இல் லி ஹோங்ஜி தொடங்கிய ஃபாலுன் கோங், உடற்பயிற்சியோடு அறநெறியையும் மீட்சியையும் போதித்துப் பேரியக்கமாக வளர்ந்தது. 1999 ஏப்ரல் 25 அன்று அவ்வியக்கத்தினர் பத்தாயிரம் பேருக்கு மேல் பெய்ஜிங்கில் ஆட்சித் தலைமையகத்தின் எதிரே அமைதியாகக் கூடினார்கள். அவ்வாண்டு ஜூலையில் இயக்கம் தடைசெய்யப்பட்டது. அதைத் தொடர்ந்த கைதுகளையும் சிறைக்கொடுமைகளையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. ச்சிகுங் என்னும் சொல்லே சிலகாலம் அச்சத்துக்குரியதாயிற்று.

அரசு பிறகு ஒரு நடுவழி கண்டது. விளையாட்டுத் துறையின்கீழ் 2001இல் 'உடல்நல ச்சிகுங்' மையம் ஒன்றை நிறுவி, 2003இல் நான்கு பயிற்சி வரிசைகளை வெளியிட்டது: ஐவிலங்கு ஆட்டம், ஆறு ஒலிகள், பன்னிரண்டாம் நூற்றாண்டு முதலே பெயர் காணப்படும் எட்டுத் துண்டுப் பட்டாடை, யிஜின்ஜிங். அற்புதம் இல்லை, குரு இல்லை, மீட்சி இல்லை; அசைவும் மூச்சும் மட்டுமே. இப்போது உடுத்தப்பட்டிருப்பது அரசின் சீருடை.

இத்தனை ஆடைகளையும் களைந்தால் மிஞ்சுவது என்ன? ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கவில்லை. ச்சிகுங்கின் நெருங்கிய உறவான தாய்ச்சியைப் பயின்ற பார்க்கின்சன் நோயாளிகள் சமநிலை தேறிக் குறைவாக விழுந்தார்கள் என்று, 195 பேரைக் கொண்ட ஆய்வு ஒன்று 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் காட்டியது. மெல்ல அசைவதால், ஒழுங்காக மூச்சுவிடுவதால், தனியாக இல்லாமல் பலரோடு சேர்ந்து செய்வதால் முதியவர்களுக்கு நன்மை உண்டு. புற்றைக் கரைக்கும், நெருப்பை அணைக்கும் என்று பேசியவர்கள் அந்தச் சிறிய நன்மையின் மதிப்பைத்தான் கெடுத்தார்கள். போதிதர்மர் பெயரால் போலி முன்னுரை எழுதியவர் செய்ததும் அதுவே. அதைச் சரிபார்க்காமல் ஊர்ப்பெருமையாக்கிக்கொண்ட நாமும் அதைத்தான் செய்தோம். சுன் ஸிமியாவோ குறித்துவைத்த பதினெட்டு அசைவுகள் நம்மை வந்து படிக்கும்படி இன்னும் காத்திருக்கின்றன.

மாவாங்துய் பட்டு இன்று சாங்ஷாவின் ஹூனான் அருங்காட்சியகத்துக்கு உரியது. அதில் நிற்கும் 44 பேரில் ஒருவருக்கும் பெயரில்லை. அவர்களுள் யாரும் பறக்கவில்லை. காதால் எழுத்துப் படிக்கவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி. அதற்கு என்ன செய்யலாம் என்பதை ஒரு மூங்கில் பட்டை சொல்கிறது: கம்பத்தைப் பிடித்துக்கொள், காலை வீசு.